சொலிண்ட்ரா விழுந்தது ஏன்: ஒரு கண்ணாடிக் குழாயின் கணக்கு

2009ஆம் ஆண்டில் சொலிண்ட்ரா நிறுவனம் சுமார் 10 கோடி டாலருக்கு சோலார் பேனல் விற்றது. விற்ற அந்தப் பேனல்களைச் செய்ய ஆன செலவு மட்டும் 16 கோடி டாலர். ஆராய்ச்சி, விற்பனை, நிர்வாகம் எல்லாம் சேர்ந்து அந்த ஆண்டின் நட்டம் 17 கோடி டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் அமெரிக்க எரிசக்தித் துறை இந்த நிறுவனத்துக்கு 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதம் கொடுத்துக் கையெழுத்திட்டது. இரண்டே ஆண்டு. 2011 ஆகஸ்ட் 31 அன்று கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இருந்த ஆலை மூடப்பட்டது. சுமார் 1,100 பேருக்கு வேலை போனது. செப்டம்பர் 6 அன்று திவால் மனு தாக்கலானது.

அமெரிக்காவில் இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒபாமா அரசு வேண்டியவர்களுக்கு வாரிக் கொடுத்தது என்பது ஒன்று. சீனா மலிவு விலையில் பேனல்களைக் கொட்டி நல்ல நிறுவனத்தைக் கொன்றது என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஆலைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. அந்த ஆலை என்ன செய்தது, அதை எந்த விலைக்குச் செய்ய முடிந்தது, கடன் எதைப் பிணையாக நம்பிக் கொடுக்கப்பட்டது என்ற மூன்றையும் பார்க்காமல் இந்தத் தோல்வி புரியாது.

குழாயில் ஏன் செய்தார்கள்

சொலிண்ட்ராவைத் தொடங்கியவர் கிறிஸ் கிரோனெட். சிலிக்கான் சில்லு தயாரிக்கும் எந்திரங்களைச் செய்யும் அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் இருந்தவர். 2005இல் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி நியாயமானது. பல்பொருள் அங்காடி, கிடங்கு, தொழிற்கூடம் போன்ற கட்டடங்களின் பரந்த தட்டைக் கூரையில் சோலார் வைப்பது ஏன் இவ்வளவு தொல்லையாக இருக்கிறது?

தட்டையான பேனலைச் சாய்த்து வைத்தால் அது பாய்மரம் போலக் காற்றை வாங்கும். பறக்காமல் இருக்க கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக வைக்க வேண்டும். அந்தப் பாரத்தைத் தாங்க எல்லாக் கூரைகளாலும் முடியாது. இல்லையென்றால் கூரையைத் துளைத்து போல்ட் போட வேண்டும். துளைத்த இடத்தில் ஒருநாள் மழை ஒழுகும். ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையில் விழாமல் இருக்க இடைவெளி விட வேண்டும். கூரையில் பாதி இடம் வீண்.

சொலிண்ட்ராவின் விடை, உருளைக் குழாய்களாலான பேனல். ஒரு சட்டத்தில் 40 கண்ணாடிக் குழாய்கள், டியூப் லைட்டுகளை அடுக்கியது போல, இடைவெளி விட்டு வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். சாய்க்க வேண்டாம், கூரையில் அப்படியே படுக்க வைக்கலாம். இடைவெளி வழியே காற்று புகுந்து வெளியேறிவிடுவதால் பாரமும் வேண்டாம், துளையும் வேண்டாம். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் குழாயின் ஏதாவது ஒரு முகம் அதைப் பார்க்கும். குழாய்களுக்கு இடையே கீழே போகும் வெளிச்சமும் வீணாகாது: கூரைக்கு வெள்ளை அடித்திருந்தால் அது பட்டுத் திரும்பிக் குழாயின் அடிப்பக்கத்தில் விழும்.

நிறுவுவதற்கு இது உண்மையிலேயே நல்ல பொருள். அதில் வேலை செய்த பொறியாளர்களின் திறமையைக் குறைத்துப் பேச இடமில்லை. சிக்கல் எல்லாம் அதைச் செய்வதில்தான் இருந்தது.

ஒரு குழாய் உருவாகும் வழியைப் பாருங்கள். உள்குழாயின் வெளிப்பரப்பில் முதலில் மாலிப்டினம் பூச வேண்டும். அதன்மேல் செம்பு, இண்டியம், காலியம், செலினியம் நான்கும் சேர்ந்த மெல்லிய படலம். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. அதன்மேல் காட்மியம் சல்பைடு, அதற்கும் மேல் ஒளி புகும் மின்கடத்திப் படலம். குழாய் சுழன்றுகொண்டே இருக்க, வெற்றிட அறைக்குள் நான்கு தனிமங்களும் சரியான விகிதத்தில், சுற்றிலும் ஒரே தடிமனில் படிய வேண்டும். பிறகு படலத்தைக் கீறி நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கலங்களாகப் பிரிக்க வேண்டும். அந்தக் குழாயை இன்னொரு கண்ணாடிக் குழாய்க்குள் நுழைத்து, இரண்டுக்கும் நடுவில் ஒளியைக் குவித்துக் கொடுக்கும் ஒரு திரவத்தை நிரப்பி, இரு முனைகளையும் உலோக மூடியால் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். இந்தப் படலத்துக்கு ஈரம் ஆகாது; மூடியில் ஒரு மயிரிழை கசிந்தாலும் அந்தக் குழாய் மெல்லச் சாகும்.

இப்போது பெருக்கிப் பார்க்கலாம். ஒரு பேனல் 200 வாட் தருகிறது என்றால், ஒரு குழாயின் பங்கு 5 வாட். ஆண்டுக்கு 250 மெகாவாட் செய்யும் ஆலை 5 கோடி குழாய் செய்ய வேண்டும். முனைக்கு ஒன்றாக 10 கோடி மூடிகளைக் கசியாமல் அடைக்க வேண்டும். நாளொன்றுக்கு 1.37 லட்சம் குழாய், ஒருநாள் கூட ஓய்வில்லாமல். தட்டைக் கண்ணாடியில் பூசுபவருக்கு இதே 200 வாட்டுக்கு இரண்டு மூன்று கண்ணாடிப் பலகையோடு வேலை முடிந்துவிடும்.

வடிவக் கணக்கும் எதிராகவே இருந்தது. நேர் வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஒரு குழாய் மறைப்பது அதன் விட்டத்தின் அகலத்தைத்தான். ஆனால் படலம் பூச வேண்டியது சுற்றளவு முழுவதும், அதாவது விட்டத்தைப்போல் 3.14 மடங்கு. வெளிக்குழாயும் திரவமும் ஒளியைக் குவிப்பதால் உள்குழாயைக் கொஞ்சம் ஒல்லியாக்க முடிந்தது. அப்படியும் ஒவ்வொரு வாட்டுக்கும் தட்டைப் பேனலைவிட அதிகப் பரப்பில், அதுவும் விலை கூடிய இண்டியத்தை, பூச வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2 சதுர மீட்டர் பேனலில் கிடைத்தது 200 வாட்டுக்குள். அன்றைய சாதாரண சிலிக்கான் பேனல் அதே பரப்பில் 280 வாட் தரும். வெள்ளைக் கூரையில் தூசி படிந்து சாம்பல் நிறமானால் அடிப்பக்க வருமானமும் குறையும்.

சிலிக்கான் விலை மேல் கட்டிய பந்தயம்

இவ்வளவு சிரமத்தையும் ஏற்க ஒரே ஒரு காரணம் இருந்தது. சொலிண்ட்ரா சிலிக்கானைப் பயன்படுத்தவில்லை.

2008இல் பாலிசிலிக்கான், அதாவது சோலாருக்காகச் சுத்திகரித்த சிலிக்கான், உடனடிச் சந்தையில் கிலோ 400 டாலருக்கு மேல் போனது. அன்று ஒரு வாட் பேனலுக்கு 7, 8 கிராம் சிலிக்கான் தேவை. அந்த விலைக்கு வாங்கினால் சிலிக்கானுக்கு மட்டுமே வாட்டுக்கு 3 டாலர். நீண்டகால ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்கு இதைவிடக் குறைவாகக் கிடைத்தது என்றாலும், பேனல் விலை வாட்டுக்கு 4 டாலர் அளவில் நின்றதற்கு இதுதான் காரணம். அந்த உலகில் சிலிக்கான் இல்லாத பேனலுக்குப் பெரிய எதிர்காலம் தெரிந்தது. தனியார் முதலீட்டாளர்கள் சொலிண்ட்ராவில் மொத்தம் 100 கோடி டாலர் அளவுக்குக் கொட்டினார்கள். அரசு மட்டும் ஏமாந்தது என்று சொல்பவர்கள் இந்த எண்ணை விட்டுவிடுவார்கள்.

ஆனால் சிலிக்கான் அரிய பொருள் அல்ல. மணலில் இருக்கிறது. அரிதாக இருந்தது அதைச் சுத்திகரிக்கும் ஆலைதான், அப்படி ஓர் ஆலையைக் கட்டி முடிக்க இரண்டு மூன்று ஆண்டு போதும். விலை ஏறிய நாளிலிருந்தே அமெரிக்காவில் ஹெம்லாக், ஜெர்மனியில் வாக்கர், சீனாவில் ஜி.சி.எல். என்று எல்லோரும் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஆலைகள் உற்பத்திக்கு வந்த நேரத்தில்தான் உலக நிதி நெருக்கடியும் வந்தது; ஸ்பெயின் தன் சோலார் மானியத்துக்கு வரம்பு போட்டது. சரக்கு கூடியது, வாங்குவோர் குறைந்தார்கள். 2009இலேயே பாலிசிலிக்கான் கிலோ 60 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. 2011 முடிவில் 30 டாலர். அந்த விலையில் ஒரு வாட்டுக்கான சிலிக்கான் செலவு 25 செண்டுக்கும் கீழே.

பேனல் விலையும் பின்னாலேயே விழுந்தது. 4 டாலராக இருந்தது 2011 இலையுதிர் காலத்தில் 1.25 டாலர் அளவுக்கு வந்து, ஆண்டு முடிவதற்குள் 1 டாலருக்கும் கீழே போனது. சீன அரசு வங்கிகள் சன்டெக், யிங்லி, டிரினா போன்ற நிறுவனங்களுக்குத் திறந்துவைத்த பிரம்மாண்டமான கடன் வசதி இந்தச் சரிவை விரைவாக்கியது. ஆனால் தொடங்கிவைத்தது அது அல்ல.

இங்கேதான் சொலிண்ட்ராவின் அடிப்படைத் தவறு தெரிகிறது. அதன் சாதகம் நிறுவும் செலவில் இருந்தது. ஆள் கூலி, இரும்புச் சட்டம், கான்கிரீட் கட்டை எல்லாம் சேர்த்து வாட்டுக்கு 50 செண்ட் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டைப் பேனல் 4 டாலராக இருந்தால் குழாய்ப் பேனலை 4.50 வரை விற்கலாம். தட்டைப் பேனல் 1.25 ஆகும்போது குழாய்ப் பேனலுக்கு 1.75க்கு மேல் யாரும் கொடுக்க மாட்டார்கள். நிறுவுவதில் எவ்வளவுதான் மிச்சம் பிடித்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. எதிராளியின் விலைச் சரிவுக்கு அப்படி ஓர் எல்லை இருக்கவில்லை. 2009இல் சொலிண்ட்ரா விற்ற சராசரி விலையே வாட்டுக்கு மூன்றேகால் டாலர் அளவில்தான், அதுவும் நட்டத்தில்.

சிலிக்கான் இல்லாமலே மலிவாகச் செய்ய முடியும் என்பதற்கு அதே நாட்டில் இன்னொரு நிறுவனம் சாட்சியாக இருந்தது. ஃபர்ஸ்ட் சோலார், காட்மியம் டெலுரைடு படலத்தைத் தட்டையான கண்ணாடியில் பூசியது. 2008இன் கடைசிக் காலாண்டில் அதன் தயாரிப்புச் செலவு வாட்டுக்கு 98 செண்ட். இதை அந்த நிறுவனம் 2009 பிப்ரவரியில் அறிவித்தது. அடுத்த மாதமே, மார்ச் 20 அன்று, எரிசக்தித் துறை சொலிண்ட்ராவுக்கு நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல் கொடுத்தது.

கடன் வந்த வழி

இந்தக் கடன் ஒபாமா காலத்தில் முளைத்ததல்ல. 2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் அன்றைய அதிபர் புஷ் கையெழுத்திட்டது. புதுத் தொழில்நுட்பங்களுக்குக் கடன் உத்தரவாதம் கொடுக்க அதில் வழி செய்யப்பட்டது. முதல் சுற்றில் வந்த 143 விண்ணப்பங்களில், முழு விண்ணப்பம் கொடுக்கும்படி 2007 அக்டோபரில் அழைக்கப்பட்ட 16 பேரில் சொலிண்ட்ராவும் ஒன்று. 2009 ஜனவரியில், புஷ் ஆட்சியின் கடைசி நாட்களில், துறையின் கடன் குழு அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பியது. தீராத கேள்விகள் பல இருப்பதால் இப்போதே ஒப்புதல் கொடுப்பது அவசரம் என்பது அதன் முடிவு.

அடுத்த மாதம் பொருளாதார மீட்புச் சட்டம் வந்தது. அது இரண்டை மாற்றியது. முதலாவது, கடன் திரும்பாமல் போகும் அபாயத்துக்கான கட்டணத்தை அதுவரை விண்ணப்பதாரர் செலுத்த வேண்டும். இனி அரசே செலுத்தும். இரண்டாவது, வேலைவாய்ப்பு உருவாக்கும் பணம் சீக்கிரம் வெளியே போக வேண்டும். தன் கையிலிருந்து அபாயக் கட்டணம் கட்டுபவர் தன் திட்டத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிப்பார். அந்தத் தடை போய்விட்டது. கடன் தரத்தை மதிப்பிடும் ஃபிட்ச் நிறுவனம் கொடுத்த தரம் பி பிளஸ். முதலீட்டுக்கு உகந்த தரத்துக்குப் பல படி கீழே. நிகழ்ச்சித் தேதிகளை முன்னால் குறித்துவிட்டு ஒப்புதலுக்கு அவசரப்படுத்துகிறார்கள் என்று வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலக ஊழியர்கள் மின்னஞ்சலில் வருந்தியிருக்கிறார்கள். செப்டம்பர் 4 அன்று ஆலைக்கு அடிக்கல். துணை அதிபர் பைடன் காணொளியில் பேசினார்.

திட்டத்தின் மொத்தச் செலவு 73.3 கோடி டாலர். அதில் 53.5 கோடி கடன், கொடுத்தது கருவூலத்தின் கீழ் இருக்கும் ஃபெடரல் ஃபைனான்சிங் பேங்க். மீதி 19.8 கோடி நிறுவனம் போட வேண்டிய பங்கு. கடன் வாங்கியது தாய் நிறுவனம் அல்ல, புது ஆலைக்காகவே உருவாக்கிய ஒரு துணை நிறுவனம். துணை நிறுவனம் பேனல் செய்யும். தாய் நிறுவனம் அதை வாங்கி வெளியே விற்கும்.

இந்த அமைப்பில்தான் ஓட்டை. மின்சார உற்பத்தி நிலையத்துக்கு இப்படிக் கடன் கொடுப்பது பழக்கமானது. அங்கே 20, 25 ஆண்டுக்கு என்ன விலைக்கு மின்சாரம் வாங்குவோம் என்று மின் நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கும்; வருமானம் முன்பே உறுதியாகிவிடும். ஆலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது செய்யும் பொருளின் விலை மாதத்துக்கு மாதம் மாறும். தாய் நிறுவனம் பேனலைக் கப்பலேற்றி, பெரும்பாலும் ஜெர்மனிக்கு அனுப்பி, வாங்கியவர் பணம் கொடுக்கும்வரை கண்ணாடிக்கும் இண்டியத்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்கும் நடைமுறை மூலதனம் கடனில் சேர்க்கப்படவில்லை.

இதைத் துறையில் யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2009 ஆகஸ்டில், கையெழுத்தாவதற்குச் சில வாரம் முன், துறைக்குள் போன ஒரு மின்னஞ்சல் பின்னாளில் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. நடைமுறை மூலதனச் சிக்கல் தீரவில்லை, கணக்கு மாதிரியை ஓட்டிப் பார்த்தால் 2011 செப்டம்பரில் பணம் தீர்ந்துபோகிறது என்று அதில் எழுதியிருந்தது. திவால் மனு வந்த மாதமும் அதுதான். இந்தத் தோல்வியின் மொத்த ஆவணங்களிலும் மனதை மிக உறுத்துவது இந்த ஒற்றை வரி. கணக்குப் போட்டவர் சரியாகப் போட்டிருந்தார். அவர் கணக்கை நிறுத்திவைத்துப் படிக்க நேரம் ஒதுக்கப்படவில்லை.

பணம் வெளியே போன முறையும் தவறு. கட்டுமானச் செலவு ஆக ஆகக் கடன் தவணை விடுவிக்கப்பட்டது. சுவர் எழும்பியதா, எந்திரம் வந்ததா என்று பார்த்தார்கள். தயாரிப்புச் செலவு வாட்டுக்கு எத்தனை டாலர் இறங்கியிருக்கிறது என்பது தவணைக்கு நிபந்தனையாக இருந்திருந்தால், 2010 நடுவிலேயே மணி அடித்திருக்கும்.

2010இல் வேறு மணிகள் அடிக்கத்தான் செய்தன. 30 கோடி டாலர் பங்கு வெளியீட்டுக்கு நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. மார்ச்சில் தணிக்கையாளரான பி.டபிள்யூ.சி., இந்த நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் பெரிய ஐயம் இருப்பதாக எழுதியது. மே 26 அன்று அதிபர் ஒபாமா ஆலைக்கு வந்து, எதிர்காலம் இங்கே இருக்கிறது என்ற தொனியில் பேசிவிட்டுப் போனார். ஜூனில் பங்கு வெளியீடு கைவிடப்பட்டது. ஜூலையில் கிரோனெட் விலகி, முன்பு இன்டெலில் வேலை செய்த பிரையன் ஹாரிசன் பொறுப்பேற்றார். நவம்பர் 3 அன்று பழைய ஆலையை மூடும் அறிவிப்பு வந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான இடைக்காலத் தேர்தல் நவம்பர் 2 அன்று முடிந்திருந்தது. அறிவிப்பைத் தேர்தல் முடியும்வரை தள்ளிவைக்கும்படி துறை வற்புறுத்தியதை முதலீட்டாளர் தரப்பு மின்னஞ்சல் காட்டுகிறது. பொதுப் பணத்தைக் கையாளும் துறைக்கு இது மன்னிக்கக் கூடிய செயல் அல்ல.

2011 பிப்ரவரி

2010 டிசம்பரில் நிறுவனம் கடன் நிபந்தனையை மீறிய நிலைக்கு வந்துவிட்டது. துறைக்கு முன் இரண்டு வழி: பாதி கட்டிய ஆலையை அப்படியே விட்டுவிட்டுக் கிடைத்ததை எடுப்பது, அல்லது புதுப் பணத்தை உள்ளே வரவழைப்பது. இரண்டாவதைத் தேர்ந்தார்கள். ஆர்கோனாட், மாட்ரோன் என்ற இரு முதலீட்டு நிறுவனங்கள் 7.5 கோடி டாலர் போட முன்வந்தன, ஒரு நிபந்தனையோடு: நிறுவனம் மூழ்கினால் இந்த 7.5 கோடி முதலில் திரும்ப வேண்டும், அரசு அதற்குப் பின்னால் நிற்க வேண்டும்.

மூழ்கும் நிறுவனத்தில் கடைசியாகப் பணம் போடுபவர் வரிசையில் முன்னால் நிற்கக் கேட்பது வணிகத்தில் வழக்கம். ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டம், அரசு உத்தரவாதம் பெற்ற கடன் வேறெந்தக் கடனுக்கும் பின்னால் வைக்கப்படக் கூடாது என்கிறது. கடன் கொடுக்கும் நாளுக்குத்தான் அந்த விதி, பிறகு மாற்றியமைக்கும்போது அல்ல என்று துறையின் வழக்கறிஞர்கள் பொருள் கொண்டார்கள். நீதித் துறையைக் கேட்டுக்கொள்ளும்படி கருவூல அதிகாரிகள் சொன்ன ஆலோசனை எடுபடவில்லை. ஆர்கோனாட்டுக்குப் பின்னால் இருந்தது ஜார்ஜ் கைசரின் குடும்ப அறக்கட்டளை. அவர் ஒபாமாவுக்குத் தேர்தல் நிதி திரட்டியவர். ஊழல் என்ற குற்றச்சாட்டு கிளம்பியது இங்கிருந்துதான். திவால் மனு கொடுத்த இரண்டாம் நாள் எஃப்.பி.ஐ. ஆலையில் சோதனை நடத்தியது. ஆனால் பல ஆண்டு விசாரணை முடிந்தும் யார்மீதும் குற்ற வழக்கு பதிவாகவில்லை. 2015 ஆகஸ்டில் வந்த துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை வேறொன்றைச் சொன்னது: தன் விற்பனை ஒப்பந்தங்களைப் பற்றி நிறுவனம் தவறான, திசைதிருப்பும் தகவல்களைத் துறைக்குக் கொடுத்தது, துறையும் அவற்றைத் துருவிப் பார்க்கவில்லை. ஒப்பந்தத் தாளை விட்டுவிட்டு, வாங்கியவர் உண்மையில் கட்டிய விலைப்பட்டியலைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் இது.

மூடும்போது கடனில் 52.8 கோடி வரை எடுக்கப்பட்டிருந்தது. பிணையாக இருந்த எந்திரங்கள் குழாய்க்கென்றே சொந்தமாக வடிவமைத்துச் செய்தவை. வேறு எந்த சோலார் நிறுவனத்துக்கும் பயன்படாது. கட்டடத்தை 9 கோடி டாலர் அளவுக்கு, கணினி வன்தட்டு செய்யும் சீகேட் வாங்கியது. வரிசையில் முன்னால் நின்றவர்களுக்குப் போக, 2012 திவால் திட்டத்தின்படி அரசுக்கு மிஞ்சக்கூடியது அதிகபட்சம் 2.4 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. விற்காமல் மிஞ்சிய குழாய்களில் 1,368 பெர்க்லி பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் ஒரு கலைப்படைப்பாக நிறுத்தப்பட்டன.

கடன் திட்டம் முழுவதும் தோற்றுவிடவில்லை. 2014 நவம்பரில் துறை வெளியிட்ட கணக்கில் மொத்த நட்டம் 78 கோடி டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு சொலிண்ட்ரா. அதுவரை வந்த வட்டி 81 கோடி. அரிசோனாவில் 96.7 கோடி டாலர் உத்தரவாதத்தில் எழுந்த அகுவா கலியென்தே போன்ற மின்நிலையங்கள் கடனைத் தாங்கின. அவற்றுக்கு மின்சார விலை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அகுவா கலியென்தேயில் பதிக்கப்பட்டவை ஃபர்ஸ்ட் சோலாரின் தட்டைப் பேனல்கள். சொலிண்ட்ராவின் எதிராளி என்று சொல்லப்பட்ட சீனாவின் சன்டெக்கும் 2013 மார்ச்சில் கடன் பத்திரத்தைத் திருப்ப முடியாமல் விழுந்தது.

அதே ஃபர்ஸ்ட் சோலார் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறது. 3.3 கிகாவாட் அளவுள்ள அந்த ஆலைக்கு 2021 டிசம்பரில் அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி நிதிக் கழகம் 50 கோடி டாலர் வரை கடன் அறிவித்தது. 2024 ஜனவரியில் ஆலை திறக்கப்பட்டது. தொகை ஏறத்தாழ சொலிண்ட்ராவின் தொகைதான். பொருளும் சிலிக்கான் இல்லாத மெல்லிய படலம்தான். ஆனால் இங்கே பூசப்படுவது தட்டைக் கண்ணாடி, அதுவும் அந்த நிறுவனம் பல நாடுகளில் பல ஆண்டு ஓட்டிப் பழகிய அதே வரிசையில்.